அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியது யார்?

கோடை விடுமுறை நெருங்கும்போதும், வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கும்போதும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு வகைக் குடும்பங்கள் கூடுதலாக வருகின்றன. அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் எனச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் அவர்களுடன் பதின்ம வயதுப் பிள்ளை ஒருவர் இருப்பார். கைக்குழந்தையாக இருந்தபோதே பிளவு உதட்டுக்கும் பிளவு அண்ணத்துக்கும் அறுவை செய்துகொண்டவர். தையல் ஆறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குடிக்கும் தண்ணீர் இப்போது மூக்கில் ஏறுவதில்லை. ஆனால் வளர வளர, முகத்தின் நடுப்பகுதி மட்டும் உள்வாங்கியது போலத் தோன்றுகிறது. கீழ்த்தாடை முன்னே நிற்கிறது; மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைக்குப் பின்னால் போய் அமர்கின்றன. "இந்த லீவிலேயே ஆபரேஷனை முடித்துவிடலாமா, டாக்டர்?" என்பது பெற்றோரின் முதற்கேள்வி. "எந்த ஆபரேஷன் நல்லது?" என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டும் நியாயமான கேள்விகளே. எனினும் அவற்றுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை வேறு சில உள்ளன. எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். நடுமுகத்தை முன்னே கொண்டுவரும் அறுவைக்கு நாள் குறிக்கும் உரிமை பள்ளி விடுமுறைக்கும் இல்லை, திருமணப் பேச்சுக்கும் இல்லை. மேல்தாடை எத்தனை மில்லிமீட்டர் பின்தங்கியுள்ளது, தாடைகளின் வளர்ச்சி நின்றுவிட்டதா, பேச்சு எந்த நிலையில் உள்ளது என்ற மூன்று அளவைகளும் முதலில் வர வேண்டும். அவை தெரிந்த பின் முடிவு சொல்ல வேண்டியவர், அந்த முகத்துக்கு உரியவரே.

மேல்தாடை ஏன் பின்தங்குகிறது?

இதை முதலில் விளக்குவதற்குக் காரணம் உண்டு. இந்த இடத்தில்தான் தாய்மார்கள் தம்மைத் தாமே குற்றவாளிகளாக்கிக்கொள்கிறார்கள். கிரகண நேரத்தில் அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் குழந்தையின் உதடு பிளந்தது என்ற பேச்சை இன்றும் நாங்கள் கேட்கிறோம். அதில் உண்மை எதுவும் இல்லை. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று பிளவு உதட்டுடனோ பிளவு அண்ணத்துடனோ பிறக்கிறது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் முகத்தின் இரு பக்கத் திசுக்களும் நடுவில் வந்து இணைய வேண்டும். அந்த இணைப்பு முழுமையடையாமல் போவதே பிளவு. தாய் செய்ததும் செய்யாததும் இதற்குக் காரணம் என்று எவரும் விரல் நீட்டுவதற்கு இடமில்லை.

பிறகு மேல்தாடை வளராமல் போனது ஏன்? இதற்குத் தெளிவான விடை கிடைத்தது நம் அண்டை நாடான இலங்கையில்தான். 1980-களில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையின் பல் சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ், இலங்கை மருத்துவர்களுடன் சேர்ந்து அங்கே பிளவு உதடு, அண்ணச் சிகிச்சைத் திட்டமொன்றை நடத்தினார். சிறுவயதில் அறுவை வாய்ப்பே கிடைக்காமல் வளர்ந்துவிட்ட பலரை அந்தக் குழு கண்டது. 1990-இல் மார்ஸும் ஹூஸ்டனும் வெளியிட்ட ஆய்வு, அறுவை செய்யப்படாத அவர்களுடைய மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்ததைக் காட்டியது. பிளவு மட்டும் வளர்ச்சியைத் தடுத்துவிடுவதில்லை. சிறுவயது அறுவை விட்டுச்செல்லும் தழும்பு மேல்தாடையைப் பின்னே பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது இதனால் புலப்பட்டது.

அப்படியானால் சிறுவயதில் அறுவை செய்தது தவறா? இல்லை. அதே இலங்கைத் திட்டத்தில், காலம் கடந்து அண்ண அறுவை செய்துகொண்டவர்களின் பேச்சும் ஆராயப்பட்டது. தாடை நன்கு வளர்ந்திருந்த அவர்களில் பெரும்பாலோரின் பேச்சு, பிறர் புரிந்துகொள்ள இயலாத அளவுக்குச் சிதைந்திருந்தது; பின்னர் செய்த அறுவையால் அதை முழுமையாக மீட்க முடியவில்லை. பேசக் கற்கும் வயதுக்கு முன்பே உங்கள் குழந்தையின் அண்ணத்தை மூடியதால்தான் இன்று அந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிறது. பேச்சைப் பெற்றுத்தந்த அந்த அறுவை, வளர்ச்சியில் ஒரு பங்கை விலையாக எடுத்துக்கொண்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறுவையிலும் இது திரும்பி வரும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் குறை அறுவை வரை செல்வதில்லை. பல மையங்களின் அனுபவத்தில், பிளவு உதடும் அண்ணமும் சேர்ந்து அமைந்தவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினருக்கே தாடை அறுவை தேவைப்படுகிறது. மற்றவர்களுக்குப் பல் சீரமைப்பே போதுமானதாகிவிடும்.

கையில் உள்ள வழிகள்

முதல் வழி, மேல்தாடையை ஒரே அமர்வில் முன்னே நகர்த்துவது. 1901-இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட், முகத்தில் அடிபடும்போது எலும்பு எந்தெந்தக் கோடுகளில் முறிகிறது என்பதைச் சடலங்களில் ஆராய்ந்து எழுதினார். அவர் கண்ட கோடுகளில் கீழே அமைந்த கோட்டையே அறுவை மருத்துவர்கள் இன்று பயன்படுத்துகிறார்கள். அதனால் இதற்கு 'லெ ஃபோர்ட் ஒன்று' என்று பெயர். மயக்க மருந்து கொடுத்து, மேலுதட்டின் உட்புறமாகக் கீறி, பற்களைத் தாங்கும் எலும்பை அந்தக் கோட்டில் பிரித்து, முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்துகிறோம். முகத்தில் வெளித்தழும்பு விழுவதில்லை. சில நாள்கள் மருத்துவமனை வாசம். பிறகு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் கஞ்சி, கூழ், பருப்புத் தண்ணீர், கரைத்த இட்லி போன்ற மெல்லத் தேவையில்லாத உணவு. கன்னமும் மேலுதடும் சில வாரங்களோ மாதங்களோ மரத்திருக்கும். மேல்தாடை மட்டும் போதாதபோது, கீழ்த்தாடையையும் அதே அமர்வில் சற்றுப் பின்னே நகர்த்துவது உண்டு.

இதன் வரம்பு பழைய தழும்பில் இருக்கிறது. பிளவு இல்லாதவர்களின் தாடை எளிதில் நகரும். பிளவு அறுவை செய்தவர்களின் அண்ணத்துத் தழும்போ, இழுத்துக் கட்டிய கயிறு போலத் தாடையைத் திரும்பப் பின்னே இழுக்கும். எனவே நகர்த்திய தூரத்தில் ஒரு பகுதி பின்வரும் மாதங்களில் திரும்பிப் போகக்கூடும். ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால், ஒரே அமர்வு நம்பகமான வழியாக இருப்பதில்லை.

இரண்டாவது வழி, எலும்பைச் சிறிது சிறிதாக இழுத்து நீட்டுவது. சைபீரியாவின் குர்கான் நகரில் பணிபுரிந்த இலிசரோவ் என்ற மருத்துவர், பிரித்த கால் எலும்பின் இரு முனைகளையும் மெதுவாக விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு உண்டாகும் என்பதை நடைமுறையில் நிறுவினார். 1992-இல் நியூயார்க்கின் மெக்கார்த்தி இம்முறையைக் குழந்தைகளின் கீழ்த்தாடையில் செய்து வெளியிட்டார். 1997-இல் சிகாகோவின் பாலியும் ஃபிகேரோவாவும் பிளவு அண்ணம் உடையவர்களின் மேல்தாடைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். எலும்பைப் பிரித்துச் சில நாள்கள் விட்டுவிட்டு, பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற அளவில் கருவியின் திருகைச் சுற்ற வேண்டும். எலும்போடு தழும்பும் தசையும் தோலும் சேர்ந்தே நீள்வதால், பெரிய குறையையும் இம்முறையால் சரிசெய்ய முடிகிறது. வேண்டிய தூரம் வந்தபின், புது எலும்பு கெட்டிப்படும் வரை இரண்டு மூன்று மாதங்கள் கருவி அப்படியே இருக்க வேண்டும்.

கருவி இரு வகை. ஒன்று வாய்க்குள் எலும்பிலேயே பொருத்தப்படுவது. வெளியே தெரியாது, ஆனால் அகற்ற இன்னொரு சிறிய அறுவை வேண்டும். மற்றொன்று தலையைச் சுற்றிய வளையமாக மண்டையோட்டில் ஊசித் திருகாணிகளால் பொருத்தப்பட்டு, முகத்துக்கு முன்னே ஒரு கம்பி இறங்கும் வகை. இழுக்கும் திசையை இடையிலே மாற்றிக்கொள்ள இது வசதியானது. ஆனால் அத்தனை வாரங்களும் அந்தக் கோலத்தில்தான் தெருவில் நடக்க வேண்டும். திருகைச் சுற்றுவது வீட்டில் உள்ள ஒருவரின் கை. திருகாணி தளர்வதும் அதன் அடியில் சீழ் பிடிப்பதும் நேரலாம். பஞ்சாலையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் தாய், நாள் தவறாமல் திருகு சுற்றி, வாய் சுத்தம் பார்த்து, வாரந்தோறும் பஸ் ஏறி வர இயலுமா என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதைக் கேட்காமல் கருவியை மட்டும் தேர்ந்தெடுப்பது அரைகுறைத் தேர்வு என்று நாங்கள் கருதுகிறோம்.

மூன்றாவது வழி, மேல்தாடையின் முன்பகுதியை மட்டும் பிரித்து, பற்களில் பொருத்தும் சிறு கருவியால் முன்னே கொண்டுவருவது. பின்னண்ணம் இருந்த இடத்திலேயே இருப்பதால் பேச்சுக்குப் பாதிப்பு குறைவு. நெரிசலாக முளைத்த பற்களுக்கு இடமும் கிடைக்கும். ஆனால் கன்னமும் மூக்கின் அடியும் சேர்ந்து உள்வாங்கியவருக்கு இது முழு விடையாகாது.

நான்காவது வழி, எலும்பைத் தொடாமல் பல் கிளிப்பாலோ செயற்கைப் பற்களாலோ பற்களை மட்டும் பொருந்தச் செய்வது. குறை சிறிதாக இருப்பவருக்கு இது நல்ல சிகிச்சை. ஐந்தாவதும் ஒன்று உண்டு. எதுவும் செய்யாமல் இருப்பது. இதையும் ஒரு வழியாகவே நாங்கள் எண்ணுகிறோம். காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

எது சிறந்தது?

முதல் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வு ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் 2008 வரை நடந்தது. 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை முன்னகர்வு தேவைப்பட்ட 47 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றனர். இரண்டு முறைகளிலும் முகம் தெளிவாகச் சீரடைந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மெல்ல இழுத்த குழுவில் தாடை இருந்த இடத்திலேயே கூடுதலாக நிலைத்திருந்தது. பேச்சில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி அணிந்த முதல் மூன்று மாதங்களில் அந்தக் குழுவினர் பிறர் முன் தன்னம்பிக்கை குன்றியிருந்தனர். காலம் செல்லச் செல்ல அது மீண்டது. 47 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை மட்டும் வைத்து ஒரு முறையே எல்லோருக்கும் உயர்ந்தது என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது.

ஆகவே "எது நல்ல ஆபரேஷன்?" என்ற கேள்விக்கு எங்கள் விடை ஆளுக்கு ஆள் மாறும். குறை 5 அல்லது 6 மில்லிமீட்டர், வளர்ச்சி நின்றுவிட்டது, பேச்சு தெளிவு என்றால் ஒரே அமர்வு பொருத்தமாக இருக்கும். குறை 12 மில்லிமீட்டர், அண்ணத்தில் தழும்பு கடினம் என்றால் மெல்ல இழுப்பதே பொருந்தும். பற்களின் அச்சை வைத்துக் குறையின் அளவை ஐந்து படிகளாகப் பிரிக்கும் 'கோஸ்லான்' என்ற அளவுகோல் 1987 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதில் நான்காம், ஐந்தாம் படிகளில் இருப்பவர்களுக்கே அறுவைப் பேச்சு பெரும்பாலும் எழுகிறது. அளவெடுக்காமல் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் முறையைச் சொல்லிவிடும் ஆலோசனையை, அது யாரிடமிருந்து வந்தாலும், ஒரு முறைக்கு இருமுறை யோசியுங்கள்.

காத்திருப்பதன் பொருள்

பெற்றோருக்கு ஏற்கக் கடினமானது இந்தப் பகுதிதான். மேல்தாடையை 14 வயதில் முன்னே கொண்டுவந்து வைத்தாலும், அதன் பின் அது முன்னோக்கி வளர்வது மிகக் குறைவு. கீழ்த்தாடையோ தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். 14 வயதில் சரியாகப் பொருந்திய பற்கள் 18 வயதில் மீண்டும் பழையபடி மாறி அமரலாம். அப்போது இன்னொரு பெரிய அறுவை. முந்தைய அறுவையின் தழும்பும் சேர்ந்துகொள்வதால் அது முன்னதைவிடக் கடினம். பெண்பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சி பெரும்பாலும் 16 வயதையொட்டி அடங்குகிறது. ஆண்பிள்ளைகளுக்கு 18 வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நீள்கிறது. வயதை மட்டும் நம்பாமல், ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மாற்றம் நின்றதை உறுதி செய்கிறோம். அதற்கு முன்போ பின்போ பல் கிளிப் சிகிச்சை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தேவைப்படும். "ஆறு மாதத்தில் கல்யாணம், அதற்குள் முடித்துக் கொடுங்கள்" என்ற வேண்டுகோளை நாங்கள் ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று பொருள்படாது. 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், ஈறுப் பிளவில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத்தூளை நிரப்பிவிட்டால், பின்னாளில் மேல்தாடை ஒரே துண்டாக நகரும். அதே வயதில் சிலருக்கு முகக்கவசம் போன்ற இழுப்புக் கருவியை இரவில் அணிவிப்பதும் பயன் தருவதுண்டு. சொத்தைப் பற்களை அடைப்பது, பேச்சுப் பயிற்சி, காது கேட்கும் திறனைச் சோதிப்பது எல்லாம் இந்த ஆண்டுகளில் நடக்க வேண்டியவை. மூக்கை நேராக்கும் அறுவையை மட்டும் தாடைக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். தாடை நகர்ந்தால் மூக்கின் அடித்தளமே மாறும்; முன்பு நேராக்கிய மூக்கு அப்போது மீண்டும் மாறிவிடும். அஸ்திவாரம் நகர இருக்கும் வீட்டுக்கு யாரும் முன்கூட்டியே வெள்ளையடிப்பதில்லை.

விதிவிலக்குகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மேல்தாடை மிகவும் பின்தங்கித் தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிள்ளை, உணவை மெல்லவே இயலாத பிள்ளை, கேலிக்கு அஞ்சிப் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்ட பிள்ளை ஆகியோருக்கு 12, 13 வயதிலேயே மெல்ல இழுக்கும் அறுவையை நாங்களும் பரிந்துரைப்போம். 'பதினெட்டு வயது வரை பொறு' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது எளிது. அந்த ஐந்து ஆண்டுகளை வாழ்வது எளிதன்று. ஆனால் பின்னாளில் இரண்டாம் அறுவை வரக்கூடும் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தெரிந்தே ஏற்கும் இரண்டாம் அறுவை வேறு. எதிர்பாராமல் வந்து இடியாய் விழும் இரண்டாம் அறுவை வேறு.

வல்லினம் மெல்லினமாகும் ஆபத்து

முன்பு சொன்ன கொடுக்கல் வாங்கல் இங்கே திரும்புகிறது. ப, ட, க முதலிய வல்லின ஒலிகளுக்கு வாய்க்குள் காற்று அழுத்தமாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. அடைபடாவிட்டால் காற்று மூக்கில் கசிந்து, வல்லினம் மெல்லினமாக ஒலிக்கும். 'படம்' என்று சொன்னது 'மணம்' என்று கேட்கும். மேல்தாடையை முன்னே கொண்டுவரும்போது அதனுடன் ஒட்டிய பின்னண்ணமும் முன்னே வருகிறது. பின்சுவருக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடுகிறது. நன்றாக மூடிக்கொண்டிருந்த அண்ணம் அந்தத் தூரத்தை எட்டிப் பிடித்துவிடும். ஏற்கெனவே நூலிழையில் மூடிக்கொண்டிருந்த அண்ணத்தால் அது இயலாமல் போகலாம். மறுபுறம், முன்பற்கள் சரியாகப் பொருந்துவதால் ச, த போன்ற ஒலிகள் சிலருக்குத் திருந்துவதும் உண்டு.

எனவே தாடை அறுவைக்கு முன் பேச்சுச் சிகிச்சை நிபுணர் பேச்சைப் பதிவு செய்து ஆராய்வதும், மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி அண்ணம் மூடும் விதத்தைப் பார்ப்பதும் கட்டாயம் என்பது எங்கள் நிலைப்பாடு. ஆபத்து கூடுதல் எனத் தெரிந்தால், முன்பகுதியை மட்டும் நகர்த்தும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது பின்னர் அண்ணத்துக்கு இன்னொரு சிறு அறுவை வேண்டியிருக்கலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ விரும்பும் ஒருவர், முகம் சற்று நேராவதற்காகப் பேச்சைப் பணயம் வைக்க விரும்புவாரா? சிலர் விரும்பலாம், சிலர் மறுக்கலாம். அதை முடிவு செய்யும் தகுதி எங்களுக்கு இல்லை, பெற்றோருக்கும் இல்லை.

முகத்துக்கு உரியவர்

பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோரின் கையொப்பமே சட்டப்படி வேண்டும். ஆனால் கையொப்பம் வேறு, விருப்பம் வேறு. எங்கள் பிரிவில் பிள்ளையுடன் தனியாகச் சிறிது நேரம் பேசுகிறோம். கண்ணாடி பார்க்கும்போது எது உறுத்துகிறது என்று கேட்கிறோம். பெற்றோர் தாடையைச் சொல்ல, பிள்ளை உதட்டுத் தழும்பைச் சொல்வதுண்டு. வேறு சிலர் முறுக்கைக் கடிக்க முடியாததைச் சொல்வார்கள். இன்னும் சிலர் எதுவுமே உறுத்தவில்லை என்பார்கள். அந்தக் கடைசி விடையை நாங்கள் மருந்தால் மாற்ற வேண்டிய நோயாகக் கருதுவதில்லை. மெல்ல முடிகிறது, மூச்சு சீராக உள்ளது, தன் முகத்தோடு அவருக்குப் பகையில்லை என்றால், எதுவும் செய்யாதிருப்பது முழுமையான, மதிக்கத்தக்க முடிவு. கதவு மூடப்படுவதும் இல்லை. இந்த அறுவையை 25 வயதிலும் 30 வயதிலும் செய்துகொள்ளலாம்.

திருமணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கே இந்த அவசரம் கூடுதலாக வருகிறது. பெற்றோரின் கவலையை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஊரார் கேட்கும் கேள்விகளை அவர்கள்தான் எதிர்கொள்கிறார்கள். ஆனால் இன்னும் பார்த்திராத ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்காக, ஒரு பெண்ணின் தாடை எலும்பைப் பிரிக்க நாங்கள் ஒப்புவதில்லை. அந்தப் பெண்ணே தன் பொருட்டு அதை விரும்பினால், அவள் விருப்பத்துக்குத் துணை நிற்பது எங்கள் கடமை.

பணமும் இந்த முடிவில் அமர்ந்திருக்கிறது. 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன் பட்டியலில் பிளவு உதடும் அண்ணமும் உண்டு. கைக்குழந்தைப் பருவ அறுவைகளுக்கு அது பெரும் துணை. ஆனால் தாடை அறுவைக்கு உரிய காலம் பலருக்கு அந்த வரம்பையொட்டியோ அதைத் தாண்டியோ வருகிறது. 'பதினெட்டு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்' என்ற அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணம். பிளவோடு பிறந்தவர்களுக்கு மட்டுமேனும் அந்த வரம்பு தளர்த்தப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிறவியில் தொடங்கிய சிகிச்சை முடியும் வயதை எலும்புதான் தீர்மானிக்கிறது. அரசாணைகள் அதற்கு இசைய வேண்டும். அதுவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் பிள்ளைக்குரிய அறுவைக்கு இடமுண்டா என்பதைக் குடும்ப அட்டையுடன் வந்து காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல் கிளிப், பேச்சுப் பயிற்சி, பயணச் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அறுவைக் கட்டணம் மட்டும் முழுச் செலவு ஆகாது.

நீங்கள் எங்களிடம் வந்தாலும், மதுரைக்கோ சென்னைக்கோ சென்றாலும் சில கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். என் பிள்ளைக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னகர்வு தேவை? வளர்ச்சி நின்றது என்பதற்கு எந்த இரண்டு படங்கள் சான்று? பேச்சு சோதிக்கப்பட்டதா, அது மாறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? இந்த முறையைவிட்டு வேறு முறையைத் தேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும்? இதே அறுவையை இந்தக் குழு தொடர்ந்து செய்துவருகிறதா. பல் சீரமைப்பு நிபுணரும் பேச்சு நிபுணரும் அக்குழுவில் இருக்கிறார்களா? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவரிடம் உங்கள் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம்.

கேட்க வரும்போது பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வராதீர்கள். உள்ளே அழைத்து வாருங்கள். பழைய அறுவைச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள் எதையும் விட்டுவிட வேண்டாம். எங்கள் முதற்கேள்வி உங்களிடம் இருக்காது. நடுவில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடமே இருக்கும்.